தபால் பெட்டியில் உங்கள் பெயர்

இந்த இயல், ஒரே ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்ற மாணவர்களுக்காக எழுதியது. இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனி போகிறவருக்கு முதல் மாதம் வீணானாலும் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு மொத்தமே ஆறு மாதம். குளிர்காலப் பருவம் என்றால் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அதிலும் வகுப்பு நடப்பது அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான், இடையில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு. ஆகவே இறங்கிய நாளிலேயே அந்த ஊர்க் குடித்தனக்காரராகிவிட வேண்டும். நான் படித்தது ஆஹன் என்ற எல்லை ஊரில். நெதர்லாந்தும் பெல்ஜியமும் பக்கத்திலேயே இருக்கின்றன. மாணவர் கூட்டமும் அதிகம், மழையும் அதிகம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். ஆனால் சொல்லப்போகிற நடைமுறைகள் டிரெஸ்டனுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் பொருந்தும்.

பெட்டி படுக்கையோடு விடுதி அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கீழே இறங்கி வாருங்கள். வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடித்து அதில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அழைப்பு மணிப் பலகையில் இடம் இருந்தால் அங்கேயும் ஒட்டுங்கள்.

இது ஏன் முதல் வேலை என்று நம் ஊரிலிருந்து போகிறவருக்குப் புரிவதில்லை. இங்கே கதவு எண் இருக்கிறது, மாடி எண் இருக்கிறது, எதுவும் சரியில்லாவிட்டால் தபால்காரர் பக்கத்து வீட்டில் விசாரிப்பார். ஜெர்மன் முகவரியில் தெருப் பெயரும் கட்டட எண்ணும்தான் வழக்கமாக இருக்கும். நாற்பது வீடு உள்ள கட்டடமானாலும் அப்படித்தான். தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். பெயர் இல்லையென்றால், அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். என் வங்கி அட்டை அப்படித்தான் திரும்பியது. மறுபடி வரும்வரை கையிலிருந்த பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்தேன்.

கடிதங்கள் நிறைய வரும். வங்கி அட்டை ஓர் உறையிலும் அதன் ரகசிய எண் இன்னொரு உறையிலும் வேறு வேறு நாளில் வரும். காப்பீட்டு அட்டை வரும். பதினோரு இலக்க வரி எண் வரும். வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்து, என்னிடம் தொலைக்காட்சியே இல்லையே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாதம் 18.36 யூரோ என்ற அந்தக் கட்டணம் கருவிக்கு அல்ல, வீட்டுக்கு. பலர் சேர்ந்திருக்கும் வீடானால் ஒருவர் கட்டினால் போதும், தொகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே கட்டுகிறவர் யார் என்று அறைத்தோழர்களிடம் கேட்டு, அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிடுங்கள். பதில் போடாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மானியர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு இருப்பதோ இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். அந்த நாட்டில் இனி அதுதான் நீங்கள். அலுவலகத்தில் ‘திரு முருகேசன்’ என்று கூப்பிட்டால் அப்பாவைத் தேடாமல் எழுந்து போக வேண்டும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். அவர்கள் பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தில் பெயரைக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் இனிஷியலை விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால், இரண்டு பேர் என்று கணினி முடிவு செய்துவிடும். நீங்கள் ஒருவரே என்று நிரூபிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே கடவுச்சீட்டைத் திருத்திக்கொண்டு போங்கள். பெட்டியில் உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையுமே ஒட்டுவது நல்லது.

அடுத்தது அன்மெல்டுங். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டோடு, ‘இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று வீட்டுக்காரரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்ட தாள் ஒன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நேரம் குறித்துக்கொண்டுதான் போக முடியும். டெர்மின் என்ற அந்தச் சொல்லைத்தான் நீங்கள் அங்கே முதலில் கற்றுக்கொள்வீர்கள். அக்டோபரில் மாணவர்கள் ஒட்டுமொத்தமாக வந்து இறங்குவதால் டெர்மின் கிடைப்பது கடினம். சென்னையில் இருக்கும்போதே இணையத்தில் பாருங்கள். காலையில் எழுந்ததும் பார்த்தால், யாராவது ரத்து செய்த இடம் கிடைப்பதுண்டு. பதிவுச் சான்று கைக்கு வந்தால் மற்ற வேலைகள் வழிக்கு வரும். கடைசியாக விசாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பருவம் முடியும் முன்னே அது முடிவதாக இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்திலும் இப்போதே டெர்மின் கேட்டு வையுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாவுக்காக முடக்கக் கணக்கில் பணம் போட்டிருந்தால் அது மொத்தமாகக் கைக்கு வராது. 2024 செப்டம்பரிலிருந்து உள்ள கணக்குப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992. அதுவும் உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வர ஆரம்பிக்கும். முதல் ஆறு வாரத்துக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை முன்பணம் அந்த நேரத்தில்தான் கேட்பார்கள். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் ஒரு பருவத்துக்கு வந்தவர் வேலை தேடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வேலை கிடைத்துப் பழகுவதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை இரவு கடை சாத்தினால் திங்கள் காலைதான் திறக்கும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களும் முதல் ஞாயிறு பட்டினி கிடக்கிறார்கள், ஏனென்றால் நமக்கு ஞாயிறுதான் கறி வாங்கும் நாள். அங்கே ரொட்டிக் கடைகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் விலை கூடுதலான கடைகள் இருக்கும். அரசு விடுமுறைகளும் இப்படித்தான். அக்டோபர் முதல் வாரம் போய் இறங்குகிறவரை 3ஆம் தேதி வரும் ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள் எப்போதும் ஏமாற்றும். ஆஹன் இருக்கும் மாநிலத்தில் நவம்பர் 1 விடுமுறை. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. உங்கள் மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலை அடுப்புக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

ஞாயிறு என்பது அமைதி நாளும்கூட. சுவரில் ஆணி அடிப்பது, காலி பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் ‘டமார்’ என்று போடுவது எல்லாம் வேறு நாளில். வார நாட்களிலும் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கேட்கக் கூடாது. முதலில் இது என்னை அழுத்தியது. வீட்டில் ஞாயிறு என்றால் தொலைக்காட்சி, குக்கர், தெருவில் கிரிக்கெட். ஒரு மாதம் போனபின் நானும் மற்றவர்களைப்போல் நடக்கக் கிளம்பினேன். ஊருக்கு வெளியே காட்டுப் பாதை வழியாக ஏறினால் மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் குன்று வரும். 322 மீட்டர் உயரம்தான். நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் அதைவிட உயரமான இடம் கிடையாது என்பார்கள். ஒரு தூணைச் சுற்றி வந்தால் மூன்று நாடுகளை மிதித்துவிடலாம். அங்கே போகச் செலவு எதுவும் இல்லை. ஞாயிற்றை அறைக்குள் செல்பேசியோடு கழிக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

அடுப்படி

பொதுச் சமையலறைதான் நீங்கள் நல்ல பெயரோ கெட்ட பெயரோ வாங்கும் இடம். அடுப்பு மின்சாரத்தில் ஓடுவது, சூடேறவும் நேரமாகும், அணைத்தபின் ஆறவும் நேரமாகும். தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் பாத்திரத்தையே நகர்த்திவிட வேண்டும், அடுப்பைக் குறைத்தால் போதாது. சமையலுக்கும் படுக்கைக்கும் ஒரே அறை என்றால் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். மிளகாய் வறுத்த புகைக்கு அது அலறும். சன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள்.

சன்னலைத் திறப்பது அங்கே வீட்டுக் கடமைகளில் ஒன்று. குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை சன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று மாற்ற வேண்டும். அந்த நேரம் வெப்பச் சாதனத்தை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளித்த ஈரமும் சோறு வடித்த ஆவியும் சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். வாடகை முன்பணத்திலிருந்து பிடித்தம் போவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மளிகை விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை. சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே ‘சிவப்புப் பயறு’ என்று விற்பது நம்முடைய மைசூர் பருப்புதான். பாசுமதி கிடைக்கும். பாயசத்துக்கென்று விற்கும் குட்டை அரிசி குழைந்து போகும். தயிர் சாதத்துக்கு மட்டும் அது நன்றாக இருக்கும். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்துமல்லிக்குத் துருக்கிக் கடை. பொன்னி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய்க்கு ஈழத் தமிழர் கடை. பெரிய நகரங்களில் பெரும்பாலும் இருக்கும். மாவு புளிக்க வேண்டுமானால் ஓவனைச் சூடாக்காமல், உள்ளே விளக்கை மட்டும் போட்டு இரவெல்லாம் வையுங்கள். ஊரிலிருந்து பொடிகள், வற்றல், ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய்யும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, கறிவேப்பிலைப் பொடியாகக் கொண்டுபோங்கள்.

குப்பைக்கு நாலைந்து தொட்டி: காய்கறிக் கழிவு, காகிதம், உறைப்பொருட்கள், மிச்சக் குப்பை; கண்ணாடிக்குத் தெருமுனையில் நிறவாரியாக வேறு தொட்டி. தப்பாகப் போட்டால் அறைத்தோழர் நேரடியாகவே சொல்வார். நம் காதுக்கு அது அதட்டலாகக் கேட்கும். அவர் கோபமாக இல்லை. குறையை முகத்துக்கு நேரே சொல்லி முடித்துவிட்டு அடுத்த நிமிடம் காபி வேண்டுமா என்று கேட்பது அவர்கள் பழக்கம். ‘சரி, தெரியாது, இனி பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் விஷயம் முடிந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் சுத்தம் செய்யும் முறைப் பட்டியலில் உங்கள் வாரத்தைத் தவறவிடாதீர்கள். தண்ணீர், குளிர்பான பாட்டில்களை நசுக்கி எறியாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் ஃபான்ட் என்ற வைப்புத்தொகை வாங்கியிருப்பார்கள். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துப் பணமாக்கலாம்.

மாணவர் உணவகத்துக்கு மென்சா என்று பெயர். மதிய உணவு மலிவாக அங்கேயே கிடைக்கும், சைவ உணவும் தினமும் உண்டு. சைவர்கள் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘ஷ்பெக்’, ‘ஷிங்கன்’ இரண்டும் பன்றி இறைச்சி. ‘ரிண்ட்’ மாடு. ‘ப்ரூயெ’ என்றால் ரசம்போன்ற சாறு, அது எலும்பில் வடித்ததாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். மிட்டாய் உறையில் ‘கெலாட்டினெ’ என்று இருந்தால் அதுவும் விலங்கிலிருந்து வந்ததே.

வகுப்பும் தேர்வும்

கால அட்டவணையில் பத்து மணி என்று போட்டு, பக்கத்தில் ‘ட்சே. டே.’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். நேரத்தோடு என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. அந்தக் கால் மணி நேரம் பழைய பல்கலைக்கழக மரபு. மருத்துவரிடமும் அலுவலகத்திலும் அது செல்லாது. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் திடுக்கிட வேண்டாம், நீங்களும் தட்டுங்கள்.

பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவு கிடையாது. மாதத் தேர்வு கிடையாது. யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். 75 சதவீத வருகைக்குப் பயந்து வளர்ந்த நமக்கு இது சுதந்திரமாகத் தெரியும். நம்மவர்கள் விழுவதும் இங்கேதான். பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் கடைசி ஒரே தேர்வில் இருக்கிறது. 1.0 என்றால் மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. ஒரு பருவத்துக்கு 30 ஐரோப்பியப் புள்ளி என்பது முழுப் பளு, ஒவ்வொரு புள்ளிக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மொழியும் ஊரும் புதிது என்பதால் 20 புள்ளி எடுத்து நன்றாகப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. உங்கள் கல்லூரி ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. தேர்வுக்கென்று தனிப் பதிவு உண்டு, அதற்குக் கடைசித் தேதி உண்டு. பருவம் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தேதியைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. நான் கடைசி நாள் மாலை, ஒரு தோழி தற்செயலாகக் கேட்டதால் தப்பித்தேன். முதல் வாரமே எல்லாப் பாடத்துக்கும் அந்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுகள் வகுப்பு முடிந்தபின் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். தேர்வுத் தேதி தெரியாமல் திரும்பும் விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

உடம்பு சரியில்லாதபோது

ஜுரத்துக்கு மாத்திரை மளிகைக் கடையில் கிடைக்காது. சிவப்பு எழுத்துப் பலகை மாட்டிய மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும். பாராசிட்டமாலும் அங்கேதான். ஞாயிறும் இரவும் எந்தக் கடைக்கு முறை என்ற அறிவிப்பு, பூட்டிய கடைக் கதவிலேயே இருக்கும். சளி காய்ச்சலுக்கு மருத்துவர் பெரும்பாலும் ஓய்வெடு, மூலிகைத் தேநீர் குடி என்றுதான் சொல்வார். ஊசி போடவில்லையே என்று மனம் குறையாதீர்கள். இரவிலோ வார இறுதியிலோ மருத்துவர் வேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117. உயிருக்கு ஆபத்து என்றால், தீ விபத்து என்றால் 112. காவல்துறைக்கு 110. தேர்வு நாளில் உடம்பு முடியாவிட்டால் அன்றே மருத்துவச் சான்று வாங்குங்கள்.

பேச்சுத் துணை

ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’ என்று இரண்டு முன்னிலை உண்டு. நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் கோடு வேறு இடத்தில் கிழித்திருக்கிறது. மாணவர் என்றால் வயது பார்க்காமல் டூ. உங்களைவிடப் பத்து வயது மூத்த முனைவர் பட்ட மாணவரும் அவராகவே டூ சொல்லச் சொல்வார். அதற்குப் பிறகும் ஸீ என்று மரியாதை காட்டினால் விலகி நிற்பதாக எடுத்துக்கொள்வார். கடைக்காரரும் அலுவலரும் உங்களைவிட இளையவராக இருந்தாலும் ஸீ.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதற்குமேல் நாலரை. டிசம்பரில் ஆஹனில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். நீங்கள் வகுப்பு முடிந்து வரும்போது வெளியே இருட்டு, வீட்டிலோ எல்லோரும் படுக்கப் போகிற நேரம். பலருக்கு மனம் தளர்வது இந்த நாட்களில்தான். படிப்பில் சோம்பல் என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். வெளிச்சமும் பேச்சும் இல்லாமல் போனதுதான் காரணம். மதிய உணவுக்குப்பின் அரை மணி நேரம், மழையானாலும், வெளியே நடங்கள். வீட்டுக்குப் பேசும் நேரத்தை மாலையிலிருந்து மதியத்துக்கு மாற்றுங்கள். அம்மாவும் அரைத்தூக்கத்தில் இல்லாமல் பேசுவார். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் ஏதாவது ஒன்றில் சேருங்கள். பதிவு திறந்த சில நிமிடத்தில் இடம் நிரம்பிவிடும், அலாரம் வைத்துக் காத்திருங்கள். வாரம் ஒருநாள் ஒரே ஆட்களோடு வியர்க்க விளையாடினால் ஜெர்மன் நண்பர்கள் கிடைப்பார்கள். ஒருநாள் விருந்தில் கிடைக்க மாட்டார்கள். அதையும் மீறி மனம் கனத்தால், மாணவர் நலச் சங்கத்தில் உளவியல் ஆலோசகர்கள் கட்டணமில்லாமல் பேசுவார்கள். போய்ப் பேசுங்கள், அதில் வெட்கமில்லை.

தமிழ்க் குரல் கேட்க வேண்டும்போல் இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆஹனில் ஏறினால் மாறாமல் கொலோன், டுசல்டோர்ஃப், டோர்ட்முண்ட் வழியாக ஹாம் வரை போகும் வட்டார ரயில் ஒன்று இருக்கிறது. ஹாம் நகரில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. நிலையத்திலிருந்து பேருந்தில் போக வேண்டும். தொழிற்பேட்டை நடுவே கோபுரம் தெரிந்ததும் நான் செருப்பைக் கழற்றும் இடம் தேட ஆரம்பித்துவிட்டேன். ‘தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்கோ’ என்று ஒரு அம்மா தட்டை நீட்டினார். கோடைக்காலப் பருவத்துக்குப் போகிறவர்கள் தேர்த்திருவிழா நாளை விசாரித்துப் போங்கள். மாணவர்களுக்கான பருவப் பயணச் சீட்டில் வட்டார ரயில்கள் எல்லாம் அடங்கும். பெயர் பெற்ற அதிவேக ரயில்களில் அது செல்லாது, ஏறினால் அபராதம்.

கிளம்பும்போது

வாடகை ஒப்பந்தத்தை முடிக்க எத்தனை மாத முன்னறிவிப்பு என்று டிசம்பரிலேயே பாருங்கள். நகராட்சியில் முகவரியை நீக்கும் பதிவை, வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்னதாகச் செய்யலாம், அதற்குமுன் முடியாது. அந்த நீக்கச் சான்றைக் காட்டித்தான் காப்பீட்டையும் வானொலிக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். வங்கிக் கணக்கை மட்டும் முன்பணம் திரும்பி வரும்வரை மூடாதீர்கள். அதற்குச் சில மாதம் ஆகலாம். மதிப்பெண் சான்று நீங்கள் ஊர் திரும்பியபின்தான் தயாராகும், எனவே எங்கே அனுப்ப வேண்டும் என்று பன்னாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சாவியை ஒப்படைக்கும் அன்று காலை தபால் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பசையைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் வந்துவிடும்.